பீமுக்கு அடியில் இல்லாத திண்டு: ஒரு கடைவீட்டுப் புகாரின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் கடைவீட்டைச் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் தேடினால் கிடைக்காது. பொறியாளர்கள்மீது வரும் புகார்களில் திரும்பத் திரும்பத் தலைகாட்டும் சங்கதிகளை ஒரே கூரையின்கீழ் சேர்த்துக் கட்டிய மாதிரிக் கோப்பு இது. ஆட்கள் கற்பனை. பீம், சுவர் அளவுகள் கணக்குப் போட்டுக் காட்டுவதற்காக வைத்தவை. சட்டம், நடைமுறை, செங்கல் சுவரின் குணம் மூன்றும் உள்ளது உள்ளபடி.

இடம்: சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத்தெரு. இரண்டு மாடிக் கடைவீடு. கீழே பூக்கடை, மேலே சரக்கறை. கடைக்காரருக்கு வயது 58. பக்கத்துக் கடைவீட்டைப் புதிதாக எடுத்தவர் அங்கே உணவகம் திறக்கப் போகிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு பொதுச்சுவர். அங்கே வேலை தொடங்கிய ஆறாவது வாரம் பூக்கடையின் மாடிச்சுவரில் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு விரிசல் ஓடியது, சரக்கறைக் கதவு நிலையில் பிடித்துக்கொண்டது.

லிட்டில் இந்தியா 1989 ஜூலை 7 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. இந்தக் கடைவீடுகளில் இரும்புச் சட்டகமோ கான்கிரீட் தூணோ கிடையாது. சுமார் 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு செங்கல் சுவர்கள் நிற்கின்றன. ஒரு சுவரிலிருந்து மறுசுவருக்கு மரச்சட்டங்கள் போகின்றன, அவற்றின்மேல் பலகைத்தளம். சட்டங்களின் நுனிகள் சுவரில் குடைந்த பொந்துகளில் உட்கார்ந்திருக்கும். செங்கல்லைப் பிடித்து வைத்திருப்பது பழைய சுண்ணாம்புச் சாந்து. அது மென்மையானது. மெதுவாக வரும் அசைவுக்கு வளைந்து கொடுக்கும், ஒரே புள்ளியில் குத்தினால் நொறுங்கும். அடித்தளமும் ஆழமில்லை. ஒரு வீட்டில் செய்யும் வேலை பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் போகாது, ஏனென்றால் சுவர் இருவருக்கும் சொந்தம்.

உணவகத்துக்காக மாடியில் ஒரு குறுக்குச்சுவரை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்தில் 5 மீட்டர் ஐ பீம் ஒன்றைப் போட்டார்கள். பீமின் ஒரு நுனி பூக்கடையுடன் பகிர்ந்துகொள்ளும் பொதுச்சுவரில் 100 மில்லிமீட்டர் உள்ளே போய் உட்கார வேண்டும். மேலேயிருக்கும் சுவர், கூரை, தளம் எல்லாம் சேர்ந்து பீமில் மீட்டருக்கு 24 கிலோநியூட்டன் (ஒரு கிலோநியூட்டன் சுமார் 100 கிலோ எடை) என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 120, நுனிக்கு 60. பீமின் அடிப்பட்டை 146 மில்லிமீட்டர் அகலம். நேரே செங்கல்மேல் வைத்தால் 60,000 நியூட்டனும் 146 × 100 சதுர மில்லிமீட்டரில் இறங்கும். சதுர மில்லிமீட்டருக்கு 4.1 நியூட்டன். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் தாங்கும் அளவு இதற்குப் பக்கத்திலேயே வராது. அதனால்தான் பீமுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் கான்கிரீட் திண்டு ஒன்றை வைப்பார்கள். சைட்டில் அதற்குப் பேட்ஸ்டோன் என்று பேர். 600 மில்லிமீட்டர் நீளத் திண்டு வைத்தால் அதே பாரம் 600 × 100 பரப்பில் பிரிந்து சதுர மில்லிமீட்டருக்கு 1 நியூட்டனாக இறங்கிவிடும். வரைபடத்தில் திண்டு இருந்தது. சுவரில் இல்லை.

அதைக் கடைக்காரரே பார்த்தார், பார்த்தது என்னவென்று தெரியாமலே. ஏர்வெல் என்னும் திறந்த உள்முற்றம் வழியாக எட்டிப் பார்த்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்தார். அந்தப் பக்கம் பீமைத் தூக்கிக்கொண்டிருந்த தமிழக ஊழியர் ஒருவர் சிரித்துக்கொண்டே, “ஐயா, தூசி வரும், ஜன்னலச் சாத்திக்குங்க” என்றார். “ஏன் தம்பி, நேரா கல்லு மேலயே வெக்கிறீங்க?” என்று கேட்டதற்கு, “ஃபோர்மேன் அப்டித்தான் சொன்னாரு ஐயா” என்று பதில் வந்தது. படத்தில் பீமின் அடிப்பட்டையும், அதற்குக் கீழே வெறும் செங்கல் வரிசையும், ஓரத்தில் தேதியோடு ஒட்டியிருந்த வேலைப் பலகையும் தெரிந்தன. பிறகு நடந்த எல்லாமே இந்த ஒரு படத்தைச் சுற்றித்தான்.

முதல் நாள் யாரைக் கூப்பிடுவது

விரிசல் தெரிந்ததும் பொறியாளர் பெயரைத் தேடுவது இரண்டாவது வேலை. முதல் வேலை, கட்டடம் நிற்குமா என்று கேட்பது. அதைக் கேட்க வேண்டிய இடம் கட்டட, கட்டுமான ஆணையம். வேலையை நிறுத்தச் சொல்லவும் முட்டுக் கொடுக்கச் சொல்லவும் ஆளை வெளியேற்றவும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. தொழில்முறைப் பொறியாளர் வாரியம் உங்கள் சுவருக்கு முட்டுக் கொடுக்க வராது. அது 1971 முதல் இருக்கும் அமைப்பு, தேசிய வளர்ச்சி அமைச்சின்கீழ் வருகிறது. யார் பொறியாளராகப் பதிவு செய்யலாம், பதிந்தவர் ஒழுங்காக நடந்தாரா என்பவை அதன் வேலை. மூன்றாவதாகச் சிங்கப்பூர்ப் பொறியாளர் கழகம் என்று ஒன்று உண்டு. அது உறுப்பினர் சங்கம். அங்கே புகார் எழுதிவிட்டு ஆறு மாதம் காத்திருந்தவர்கள் உண்டு. பதிவை நீக்கும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது.

3 மில்லிமீட்டர் விரிசல் பெரிதா சிறிதா? செங்கல் கட்டடச் சேதத்தை அளக்கும் வழக்கமான அட்டவணையில் 1 மில்லிமீட்டர் வரை மிகச் சிறிது, 5 வரை சிறிது, 5 முதல் 15 வரை நடுத்தரம், 15 முதல் 25 வரை கடுமை. அதன்படி இது ‘சிறிது’. ஆனால் அந்த அட்டவணை சொல்வது பூசிச் சரிசெய்வது எவ்வளவு சுலபம் என்பதைத்தான். விரிசல் ஏன் வந்தது, இன்னும் வளருமா என்று அது சொல்லாது. பீம் நுனிக்குக் கீழிருந்து சாய்வாகக் கிளம்பும் 3 மில்லிமீட்டரும், பத்து வருடமாகச் சன்னல் மூலையில் கிடக்கும் 3 மில்லிமீட்டரும் ஒன்றல்ல. விரிசலுக்கு இரு பக்கமும் அளவுப்பட்டை ஒட்டி வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து வைப்பதுதான் முறை. பென்சிலால் விரிசலின் நுனியில் கோடு போட்டுத் தேதி எழுதினால் கூட உதவும். கடைக்காரரின் மகள் முதல் நாளிலிருந்தே இதைச் செய்தார். ஐந்து வாரத்தில் 3 என்பது 4.5 ஆனது. இந்த வளர்ச்சிக் கணக்கு, ‘வீடு இடியப் போகிறது’ என்று எழுதிய நான்கு பக்கத்தைவிடக் கனமானது.

ஆணையம் வந்து பார்த்தது, பீமின் நுனிக்கு இரும்பு முட்டு கொடுக்க வைத்தது, வேலை நின்றது. ஆபத்து அடங்கியது. அதன்பிறகுதான் புகார்.

முதல் கடிதம் ஏன் திரும்பி வந்தது

வாரியத்துக்கு அனுப்பிய முதல் கடிதம் மூன்று பக்கம். குத்தகையாளர் (கட்டுமான வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர்) திமிராகப் பேசினார், வடிவமைப்பாளர் போனை எடுக்கவில்லை, பொறியாளர் ஒருநாள்கூடக் கடைக்கு வந்து வணக்கம் சொல்லவில்லை, பூ வாடியதில் தினம் இவ்வளவு நட்டம், மொத்தம் 48,000 வெள்ளி வேண்டும். இந்தக் கடிதத்தில் வாரியம் விசாரிக்கக்கூடியது ஒரு வரிகூட இல்லை.

குத்தகையாளர் பதிவுபெற்ற பொறியாளர் அல்ல. உள்ளலங்கார வடிவமைப்பாளரும் பதிவுபெற்ற பொறியாளர் அல்ல. மின்கம்பி வேலை செய்தவர்மீது குறை இருந்தால் அது எரிசக்திச் சந்தை ஆணையத்தின் எல்லை. பணத்தையோ வாரியம் யாருக்கும் வாங்கித் தராது, பொறியாளருக்கு அபராதம் விதித்தால்கூட அதில் ஒரு காசு புகார்தாரருக்கு வராது. பணத்துக்கு வேறு வாசல்: சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை கேட்கலாம், சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள். அதற்கு மேல் என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம், மாவட்ட நீதிமன்றம். பெரும்பாலும் குத்தகையாளரின் காப்புறுதி நிறுவனத்தோடு பேசியே முடியும்.

வாரியத்தின் முன் ஒரே கேள்விதான் நிற்கும்: பதிவுபெற்ற இந்தப் பொறியாளர், பொறியாளராகச் செய்யவேண்டியதைச் செய்யாமலோ செய்யக்கூடாததைச் செய்தோ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டாரா? விரிசல் அதற்குச் சாட்சி மட்டுமே. நல்ல பொறியாளரின் வேலையிலும் பழைய சுவர் கொஞ்சம் விரியும். மோசமான வேலையில் எதுவுமே விரியாமல் போவதும் உண்டு, அதுதான் அதிகம் பயப்பட வேண்டியது.

கையெழுத்துக்கு ஏன் இவ்வளவு கனம் என்பதற்குப் பதில் அதே சிராங்கூன் ரோட்டில் இருக்கிறது. ஓவன் ரோட்டு முனையில் 6 மாடி லியன் யாக் கட்டடம், ஹோட்டல் நியூ வோர்ல்ட் இருந்த கட்டடம், 1986 மார்ச் 15 அன்று ஒரு நிமிடத்துக்குள் தரைமட்டமானது. 33 பேர் இறந்தார்கள், 17 பேரை இடிபாடுகளிலிருந்து உயிரோடு எடுத்தார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்புக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தது விசாரணையில் தெரிந்தது. ஆட்களும் சாமான்களும் கணக்கில் இருந்தார்கள், சுவரும் தளமும் இல்லை. அந்த விபத்துக்குப் பின் வந்ததுதான் 1989ஆம் ஆண்டின் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம். வடிவமைப்பவர் ஒருவர், பெரிய வேலைகளில் அவர் கணக்கைத் தனியாகச் சரிபார்ப்பவர் இன்னொருவர், சைட்டில் நிற்க மேற்பார்வையாளர் என்று சங்கிலி போட்டது அந்தச் சட்டம். 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலையில் தோண்டிய குழி சரிந்து 4 பேர் இறந்தபின், தற்காலிகத் தாங்கிகளுக்கும் மண்ணியல் வேலைகளுக்கும் பிடி இறுகியது. 6 மீட்டருக்கு மேல் ஆழமான குழி தோண்ட இன்று மண்ணியலில் தனியாகப் பதிந்த பொறியாளர் வேண்டும். கணினியில் எல்லோரும் வரையலாம், கணக்கும் போடலாம். அதில் கையெழுத்திடும் ஒருவரைத்தான் சட்டம் பிடித்து நிறுத்துகிறது.

கையெழுத்தைத் தேடிப் பிடிப்பது

கடைக்காரரின் மகள் இரண்டாவது முறை எழுதும்போது கேள்விகளை மாற்றிக்கொண்டார். யார் தகுதிபெற்ற நபர், அதாவது இந்த வேலைக்குக் கையெழுத்திட்டுப் பொறுப்பேற்ற பொறியாளர்? சைட்டில் ‘கியூபி’ என்றால் எல்லோருக்கும் தெரியும். வேலைப் பலகையில் பெயர் இருந்தது. வாரியத்தின் இணையப் பதிவேட்டில் அந்தப் பெயரைப் போட்டால் எந்தப் பொறியியல் பிரிவு, இந்த வருடத் தொழிற்சான்றிதழ் இருக்கிறதா என்று தெரியும். பெயர் இல்லையென்றால் அது வேறு விதமான புகார்: பதிவில்லாமல் தொழில்முறைப் பொறியாளர் என்று சொல்லிக்கொள்வதே குற்றம்.

பக்கத்து வீட்டின் வரைபடம் கடைக்காரருக்குக் கிடைக்காது, உரிமையாளர் சம்மதமில்லாமல் யாரும் தரமாட்டார்கள். இங்கேதான் பலர் சோர்ந்து விடுகிறார்கள். வரைபடம் இல்லாமலே புகார் எழுதலாம். கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும்: இன்ன தேதி, இந்த நேரம், இந்தச் சுவரில் பீம் செங்கல்மேல் நேரே வைக்கப்பட்டது, படம் இணைப்பு 4. வரைபடத்தில் என்ன இருந்தது என்று கேட்டு வாங்குவது விசாரிப்பவர்கள் வேலை. தெரியாததை ஊகித்து எழுதினால் அதையே பிடித்துக்கொண்டு எதிர்த்தரப்பு முழுப் புகாரையும் ஆட்டும்.

சொந்தச் செலவில் வேறொரு பொறியாளரை அமர்த்தி அறிக்கை வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் எழுத ஆள் கிடைப்பது கடினம். தொழில் வட்டம் சின்னது. கிடைத்தால் ‘குற்றம் செய்தார்’ என்று எழுதச் சொல்லாதீர்கள். கண்டது, அளந்தது, அதற்குச் சாத்தியமான காரணங்கள், எது நிராகரிக்கப்பட்டது என்று நான்கு பக்கம் போதும். மரப்பொந்தில் கரையான் இருந்ததா, கூரை ஒழுகியதா என்றும் பார்த்து இல்லையென்று எழுதியிருந்தால், அந்த அறிக்கையை யாராலும் தள்ள முடியாது.

இரண்டாவது கடிதம் ஒன்றரைப் பக்கம். நான்கு குற்றச்சாட்டுகள்:

1. சுவரை இடிப்பதற்கு முன் பக்கத்துக் கட்டடத்தின் நிலையைப் பதிவு செய்யவில்லை.
2. மாடிச் சமையலறையில் கனமான கான்கிரீட் தளம் ஊற்றப்பட்டது, கணக்கில் அது சேர்க்கப்பட்டதா என்பது ஐயம்.
3. பீம் திண்டு இல்லாமல் வைக்கப்பட்டது.
4. பீம் வைத்த நாளில் பொறியாளரோ அவருடைய மேற்பார்வையாளரோ சைட்டில் இல்லை.

அதோடு சத்தியப் பிரகடனம். புகார் எழுத்தில் வர வேண்டும், வாரியம் கேட்கும்போது பிரகடனமும் தர வேண்டும். சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும், பொய் சொன்னால் குற்றம். ‘கேள்விப்பட்டேன்’ என்று எழுதுகிறவர்களை அந்த இடம் யோசிக்க வைக்கும். கடைக்காரருக்கு ஆங்கிலம் பேச வரும், படிப்பது சிரமம். பிரகடனம் ஆங்கிலத்தில் இருந்ததால், அதைத் தமிழில் வாசித்துக் காட்டியதாக மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்தும் சேர வேண்டும். இதை விட்டுவிட்டால், விசாரணையில் “இந்த வாக்கியத்தின் அர்த்தம் என்ன?” என்ற ஒரே கேள்வியில் சாட்சி தடுமாறுவார். ஊழியரோடு நடந்த தமிழ்ப் பேச்சையும் தமிழிலேயே எழுதி, பக்கத்தில் மொழிபெயர்ப்பு வைப்பது நல்லது. ‘நேரா கல்லு மேல’ என்பதை ‘சரியாக வைக்கவில்லை’ என்று மொழிபெயர்த்தால் சாட்சியம் அங்கேயே அவிழ்ந்துவிடும்.

விசாரணைக்குழு

புகார் நேரடியாகத் தண்டனைக் குழுவிடம் போகாது. முதலில் விசாரணைக்குழு. பொறியாளருக்குப் புகாரின் நகல் போகும், எழுத்தில் விளக்கம் தர நாள் கொடுக்கப்படும். குழு கோப்புகளை வாங்கிப் பார்க்கும், இரு தரப்பையும் கேட்கும். பிறகு மூன்றில் ஒரு பாதை: விவகாரம் இத்தோடு முடியலாம், ஆலோசனைக் கடிதமோ எச்சரிக்கையோ போகலாம், அல்லது ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முறையான விசாரணைக்குப் போகலாம். பெரும்பாலான புகார்தாரர்கள் கோபப்படும் இடம் இதுதான். மாதக்கணக்கில் ஒரு தகவலும் வராது, ஏனென்றால் புகார்தாரர் இந்த விவகாரத்தின் கட்சிக்காரர் அல்ல, சாட்சி.

முதல் குற்றச்சாட்டு இங்கேயே விழுந்தது. வேலைக்கு முன் எடுத்த படங்கள் குத்தகையாளரிடம் இருந்தன, பூக்கடை மாடியில் மட்டும் யாரும் கதவைத் திறக்கவில்லை என்று குறிப்பும் இருந்தது. வருகைச் சீட்டு இரண்டு முறை கதவிடுக்கில் செருகப்பட்டிருக்கிறது. கடைக்காரர் அதை விளம்பரத் தாள் என்று எறிந்திருந்தார்.

இரண்டாவதும் நிற்கவில்லை, ஆனால் அது விழுந்த விதம் கவனிக்கத்தக்கது. சமையலறை 5 × 6 மீட்டர், 30 சதுர மீட்டர். 100 மில்லிமீட்டர் கான்கிரீட் ஊற்றினால் 3 கனமீட்டர், ஏறத்தாழ 7.5 டன். சதுர மீட்டருக்கு 250 கிலோ, வெறும் பலகைத்தளத்தைத் தாங்கவென்று வைத்த மரச்சட்டங்களின்மேல். 1986 நினைவுக்கு வராமல் போகுமா? ஆனால் பொறியாளரின் கணக்கில் அடுக்குப்பலகையும் நீர்த்தடுப்பு உறையும் மட்டுமே இருந்தன, வரைபடத்திலும் அப்படித்தான். கான்கிரீட்டை ஊற்றியது உணவக உரிமையாளர் தனியாகப் பேசிய ஓட்டு வேலைக்காரர். அதுவும் பொறியாளர் சான்றிதழ் கொடுத்த பிறகு, வேலை நிறுத்தப்படும் முன் கிடைத்த சில நாட்களில். தண்ணீர் சீக்கிரம் வடிய வேண்டும் என்று சாய்வு கொடுக்க ஊற்றினார்களாம். தான் அறியாத, தன் வரைபடத்தில் இல்லாத எடைக்குப் பொறியாளர் பொறுப்பல்ல. (உரிமையாளருக்கு அந்தத் தளத்தை உடைத்தெடுக்கும் உத்தரவு தனியாக வந்தது. அது வேறு கதை.)

மூன்றும் நான்கும் நின்றன.

பொறியாளரின் பதில் கடிதம் நாற்பது பக்கம். பல்லாண்டு அனுபவம், பெரிய கட்டடங்களின் பட்டியல், குத்தகையாளர்தான் ஏமாற்றினார். இந்த வகைப் பதில் எழுதும் பொறியாளர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: குத்தகையாளர் ஏமாற்றுவார் என்பதால்தான் மேற்பார்வை என்ற கடமையே இருக்கிறது. ‘அவர் திண்டு வைக்கவில்லை’ என்பது விளக்கமல்ல, ‘நான் பார்க்கவில்லை’ என்று சொல்வதன் இன்னொரு வடிவம். கட்டமைப்பின் முக்கிய உறுப்புகளில் கான்கிரீட் ஊற்றும்போதும் அதிபிடிப்புப் போல்ட்டுகளை இறுக்கும்போதும் மேற்பார்வையாளர் உடனிருக்க வேண்டும். வரைபடத்திலிருந்து விலகிய வேலையைக் கண்டால் பொறியாளர் ஆணையத்துக்குச் சொல்ல வேண்டும்.

நாற்பது பக்கத்தில் கடைசி இணைப்பு சோதனைப் படிவங்களின் கட்டு. அவற்றில் ஒன்றில் “பீம் இருக்கை: திண்டு வைக்கப்பட்டது, சரி” என்று குறியிட்டு, மேற்பார்வையாளரும் ஃபோர்மேனும் கையெழுத்திட்டிருந்தார்கள். அதில் இருந்த தேதி தீபாவளி.

விசாரணைக்குழுவில் ஒருவர் அந்தத் தேதியைப் பார்த்ததும் குத்தகையாளரிடம் வருகைப் பதிவைக் கேட்டார். அன்று சைட்டில் ஆளே இல்லை. ஃபோர்மேன் அதற்கு நான்கு நாள் முன்பே திருச்சிக்கு விமானம் ஏறியிருந்தார். படிவங்கள் எல்லாம் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில் இருந்தன. கணினிக் கோப்பைத் திறந்தால் புகாரின் நகல் கிடைத்து ஒன்பதாம் நாள் உருவானது என்று காட்டியது. சிராங்கூன் ரோட்டைச் சுற்றி வேலை செய்யும் குழு ஒன்றுக்குத் தீபாவளியன்று பீம் சோதனை செய்ததாகத் தேதி போடத் தோன்றியிருக்கிறது என்றால், அதை நிரப்பியவர் எந்த நாட்காட்டியையும் பார்க்கவில்லை, விட்டுப்போன வாரங்களை மட்டும் எண்ணியிருக்கிறார்.

புகார் வந்தபின் ஆவணம் தயாரிப்பதுதான் இந்தத் தொழிலில் நடக்கும் மிக மோசமான தவறு. திண்டு விட்டுப்போனது கவனக்குறைவு. ஒப்புக்கொண்டு, முட்டுக்கொடுத்து, சரிசெய்திருந்தால் விஷயம் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தேதி போட்ட படிவம் அதை நேர்மைப் பிரச்சினையாக மாற்றிவிட்டது.

முறையான விசாரணை

ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் முன் இரு தரப்பிலும் வழக்கறிஞர்கள் இருக்கலாம். குற்றச்சாட்டு வாசிக்கப்படும், சாட்சிகள் குறுக்கு விசாரணைக்கு நிற்பார்கள். பூக்கடைக்காரர் நாற்பது நிமிடம் நின்றார். அவரிடம் கேட்டதெல்லாம் படம் எடுத்த நேரம், நின்ற இடம், ஊழியர் சொன்ன வார்த்தைகள். ‘பொறியாளரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்’ என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நல்ல சாட்சி. அந்த ஊழியர் வரவில்லை, வேலை அனுமதி முடிந்து ஊருக்குப் போய்விட்டார். படமும் பலகையும் இருந்ததால் அது குறையாகவில்லை.

வெளிநாட்டு ஊழியரைச் சாட்சியாக நம்பி ஒரு புகாரைக் கட்டக்கூடாது என்பது இதிலிருந்து தெரியும். அவருக்கு முதலாளிமீது பயம் இருக்கும், வேலை முடிந்தால் கிளம்பிவிடுவார். சொன்னதை அன்றே தேதியோடு எழுதி வைப்பதுதான் மிச்சம்.

பொறியாளர் தரப்பின் வலுவான வாதம் ஒன்று இருந்தது. திண்டு இல்லாததால்தான் விரிசல் வந்தது என்று எப்படிச் சொல்வது? பிறகு ஊற்றிய 7.5 டன் கான்கிரீட்டால் வந்திருக்கலாமே? விரிசல் படங்களின் தேதிகள் இதற்குப் பதில் சொல்லின. முதல் படத்துக்குப் பத்து நாள் கழித்தே கான்கிரீட் லாரி வந்தது. கான்கிரீட் வந்தபின் விரிசல் வேகமாக வளர்ந்தது உண்மைதான், குழு அதையும் பதிவு செய்தது. ஆனால் குற்றச்சாட்டு விரிசலைப் பற்றியதே அல்ல. வரைபடத்தின்படி வேலை மேற்பார்வையில் நடந்தது என்று சான்றளித்த காகிதம் உண்மையா என்பதே கேள்வி. விரிசலே வந்திருக்காவிட்டாலும் அந்தக் கேள்வி நிற்கும்.

மேற்பார்வைத் தவறும் பொய்ச் சான்றும் நிரூபணமாயின. கண்டனம், அபராதம், தொழில் இடைநீக்கம், பதிவு நீக்கம் என்று ஏறும் படிகளில் இந்த மாதிரிக் கோப்பு இடைநீக்கத்தில் நின்றது, விசாரணைச் செலவும் சேர்ந்தது. எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். இடைநீக்கம் என்பது ஒருவரின் மாதச் சம்பளம் மட்டும் போவதல்ல. அவர் தகுதிபெற்ற நபராக இருக்கும் மற்ற எல்லா வேலைகளிலும் உரிமையாளர்கள் புதிய பொறியாளரை நியமிக்கும்வரை கட்டமைப்பு வேலை நிற்கும். புதியவரோ, முன்னவர் கையெழுத்திட்டதை மறுபடி பார்க்காமல் தொடமாட்டார். பொறியாளர்கள் இதைத்தான் அபராதத்தைவிட அதிகம் அஞ்சுகிறார்கள்.

பூக்கடைக்காரருக்கு வாரியத்திலிருந்து வந்தது முடிவைத் தெரிவிக்கும் கடிதம் ஒன்று. பணம் குத்தகையாளரின் காப்புறுதியிலிருந்து வந்தது. கேட்ட 48,000 அல்ல. சுவர்ச் செலவும், மாடியை மூடிவைத்த வாரங்களின் வாடகையும். வாடிய பூவுக்கு ரசீது இல்லை.

சுவரைச் சரிசெய்தது இப்படி. பீமின் இருபக்கமும் இரும்பு முட்டுகளை இறுக்கி, நுனியின் பாரத்தை முழுக்க முட்டுக்கு மாற்றினார்கள். நொறுங்கிய செங்கல் மூன்று வரிசையைக் கையால் கொத்தி எடுத்தார்கள், இயந்திரம் தொடவில்லை. 600 மில்லிமீட்டர் திண்டை உள்ளே வைத்து, பீமுக்கும் திண்டுக்கும் நடுவே சுருங்காத கிரவுட் என்ற நிரப்புச் சாந்தைக் கெட்டியாக அடைத்தார்கள். அது இறுகும்வரை முட்டை எடுக்கவில்லை. புதிய பொறியாளர் திண்டு வெளியே தெரியும்போதே வந்து, டேப் பிடித்துப் படம் எடுத்தார். பூக்கடைப் பக்கத்து விரிசலில் 6 மில்லிமீட்டர் முறுக்குத் துருவிலிக் கம்பிகளை, விரிசலின் இருபுறமும் 500 மில்லிமீட்டர் நீளுமாறு, சாந்து இணைப்புக்குள் பதித்தார்கள். மேலே சிமெண்டுப் பூச்சு வேண்டாம் என்று சுண்ணாம்புப் பூச்சே பூசினார்கள். சிமெண்டு பழைய செங்கல்லின் ஈரத்தை உள்ளே பூட்டிவிடும்.

பூசுவதற்கு முன் மூன்று மாதம் அளவுப்பட்டையை விட்டு வைத்தார்கள். மகள் எடுத்த கடைசிப் படத்திலும் எண் அந்த மூன்று மாதத்தின் முதல் வாரத்தில் இருந்ததேதான்.